மலைப்பாதைக்கு எந்த வண்டி?

ராயப்பன்பட்டி திராட்சை விவசாயிகள் சரக்கு வண்டி வாங்குமுன், விலையோடு அது ஓடப்போகும் பாதையையும் பார்க்க வேண்டும். சுமையை இழுப்பது இன்ஜினின் முறுக்குவிசை. 694 சிசி பெட்ரோல் குட்டி யானையில் இது 55 நியூட்டன் மீட்டர். 2,523 சிசி டர்போ டீசல் பொலிரோ பிக்கப்பில் சுமார் 200. அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைப்பதால், பழம் ஏற்றிக் குமுளி மலைப்பாதை ஏற டீசலே ஏற்றது. டர்போ பெட்ரோலிலும் வலு உண்டு. ஆனால் முழுச் சுமையில் எரிபொருள் அதிகம் செலவாகும்.

தோட்டத்திலிருந்து கம்பம் வரை மட்டும் செல்வோருக்குச் சிறிய பெட்ரோல் வண்டி போதும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரி வடிகட்டி உள்ளது. தினமும் குறைந்த தூரமே ஓடினால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

மலை ஏறி நின்றதும் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தால் டர்போ நீடித்து உழைக்கும். எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.