யந்திரத்திற்கு முகம் தெரியுமா?

கொல்லயில் ஊரிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் வழியில் அயலார் ஒருவர் எதிர்ப்பட்டால், அவர் வாய் திறக்குமுன்பே தமிழில் பேசுவதா, மலையாளத்திலா என்று நாம் தீர்மானித்து விடுகிறோம். முகத்தில் எதைக் கண்டு தீர்மானித்தோம் என்று கேட்டால் விடை கூற இயலாது. நமக்கே விளக்கத் தெரியாத இவ்வித்தையை யந்திரத்திற்குக் கற்பிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பேராசிரியர் ராமா செல்லப்பா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்றபின், 1981-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

யந்திரத்திற்குப் புகைப்படம் என்பது வெறும் எண்களின் அடுக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளியளவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. தனி எண் ஒன்றை நோக்கினால் அது கன்னமா, கற்சுவரா என்று விளங்காது. பாய் முடைவதை நினைத்துப் பாருங்கள்: ஒரு கோரை மேலே வந்தால் அடுத்தது கீழே போகும், அக்கம்பக்கத்தைக் கொண்டே நடுவில் உள்ளதை ஊகிக்கலாம். செல்லப்பாவும் அவருடைய ஆசிரியர் கஷ்யப்பும் 1983-இல் வெளியிட்ட கட்டுரை, எந்தெந்தப் புள்ளிகளை ஒரு புள்ளிக்கு அண்டையாகத் தேர்ந்தெடுப்பது என்பதையே கணித வாயிலாக ஆராய்ந்தது. (விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்ற 1956-இல், அண்டையைத் தேர்ந்துகொள்ளும்படி எங்களை எவரும் கேட்கவில்லை!)

1991-இல் அவர் மேரிலாந்து பல்கலைக்கழகம் சேர்ந்தார். 2012-ஐ ஒட்டி இத்துறையே தலைகீழாக மாறிற்று. விதிகளை மனிதன் வகுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, இலட்சக்கணக்கான படங்களைக் கண்டு யந்திரம் தானே கற்கும் முறை மேலோங்கியது. முப்பதாண்டு உழைத்த கணிதத்தோடு நின்றுவிடாமல், செல்லப்பா தம் மாணவர்களுடன் புது வழியிலும் இறங்கினார். 2020-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. நம் முகத்தை அறிந்து, ‘இவர் இன்னார்’ என்று சொல்ல அங்கே ஊரார் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே 2020 ஜனவரியில், வேறொரு யந்திரம் தவறாகக் காட்டிய அடையாளத்தை நம்பி, குற்றமற்ற ஒருவரைக் காவலர் அவர் குடும்பத்தார் கண்முன்னே கைது செய்தனர்.

செல்லப்பாவும் பங்குகொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்று, முகங்களை ஒப்பிடுவதில் தேர்ந்த நிபுணர் 57 பேரையும் நான்கு யந்திர முறைகளையும் சோதித்தது. அவற்றுள் அவர் குழுவினர் அமைத்தவையும் இருந்தன. தலைசிறந்த முறை தலைசிறந்த நிபுணருக்கு நிகராயிற்று. ஆயினும் நிபுணர் ஒருவரும் அம்முறையும் சேர்ந்து சொன்ன முடிவு, நிபுணர் இருவர் சேர்ந்து சொன்னதைவிடப் பிழை குறைந்ததாக இருந்தது.