செடான் வாங்கப் போறீங்களா? காரின் விலையை விடுங்க, வேரியன்ட் வித்தியாசத்தைக் கணக்குப் போடுங்க



சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா... இதில் எந்த கார்னு முடிவு பண்ண நாம ஆறு மாசம் வீடியோ பார்ப்போம். ஆனா எந்த வேரியன்ட்னு ஷோரூம் நாற்காலியில உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடிவு பண்ணிடுவோம். பட்ஜெட் உடைவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

"சார், இன்னும் ஒன்றரை லட்சம் போட்டா அடுத்த வேரியன்ட். மாசம் மூவாயிரம் கூட வராது."

இது பொய் இல்லை. ஆனா முழுக் கணக்கும் இல்லை.

ஒன்றரை லட்சம் உண்மையில் எவ்வளவு?

அந்த ஒன்றரை லட்சம் எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 18%. இந்த வகை செடான்கள் பெரும்பாலும் இதுக்குள்ளதான் வரும்.

- விலை வித்தியாசம்: ரூ.1,50,000
- லைஃப் டாக்ஸ் 18%: ரூ.27,000
- கூடுதல் இன்ஷூரன்ஸ் (தோராயமாக): ரூ.3,000
- ஆன்ரோடு வித்தியாசம்: ரூ.1,80,000

இப்போ முக்கியமான விஷயம். உங்க கையில் இருக்கும் டவுன் பேமென்ட் மாறாது. அதனால இந்த 1.80 லட்சம் முழுசும் கடனில்தான் ஏறும். 9% வட்டினு வச்சுப்போம்:

- 5 வருஷம்: மாசம் ரூ.3,737, மொத்தம் ரூ.2,24,000
- 7 வருஷம்: மாசம் ரூ.2,896, மொத்தம் ரூ.2,43,000

"மூவாயிரம் கூட வராது" எப்படி வந்ததுனு புரியுதா? அது 7 வருஷக் கணக்கு. சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பெட்ரோல் கார் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. காரை விற்கும்போது வேரியன்ட்டுக்காகக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். கட்டின டாக்ஸும் வட்டியும் திரும்ப வராது.

வேரியன்ட் பெயரைப் பார்க்காதீங்க

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஏணி வேற. 2023-ல் வந்த சிட்டி பெட்ரோலில் எஸ்வி, வி, விஎக்ஸ், இசட்எக்ஸ்னு நாலு படி. முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடும் அடாஸ் வசதி, இரண்டாவது படியான 'வி'யிலேயே வந்தது. அதே வருஷம் வந்த வெர்னாவில் அதுக்கு டாப் எண்ட் எஸ்எக்ஸ்(ஓ) வரைக்கும் போகணும். ஆனா ஆறு ஏர்பேக் வெர்னாவின் பேஸ் மாடலிலேயே இருந்தது. அதனால 'மிடில் வேரியன்ட் போதும்'னு பொதுவா சொல்ல முடியாது. இன்றைய புரோஷரை வாங்கி, வரி வரியா ஒப்பிட்டு, வசதிகளை மூணா பிரிங்க:

1. பின்னால் சேர்க்கவே முடியாதவை: ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அடாஸ், ஆட்டோமேட்டிக் கியர். பணம் கூடப் போடுறதா இருந்தா இதுக்குப் போடலாம்.
2. பின்னால் சேர்க்கக் கூடியவை: அலாய் வீல், ரிவர்ஸ் கேமரா, பெரிய டச் ஸ்கிரீன், சீட் கவர். கம்பெனி ஆக்சசரி பட்டியலிலேயே கேளுங்க. வெளியில் வயரை வெட்டிப் பொருத்தினா வாரன்டியில் சிக்கல் வரலாம்.
3. ஆசைக்கானவை: சன்ரூஃப், கலர் கலரா லைட். ஆசைப்படுறது தப்பில்லை. ஆனா அது ஆசைக்கான செலவுனு தெரிஞ்சே பண்ணுங்க.

இப்போ உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "அடுத்த வேரியன்ட்டில் கூடுதலா வர்றதை மட்டும் தனியா 2.24 லட்சத்துக்கு வித்தா நான் வாங்குவேனா?" பட்டியலில் முதல் வகை இருந்தா, பதில் 'ஆமாம்'னு வரலாம். சன்ரூஃபும் அலாய் வீலும் மட்டும்னா, பதில் உங்களுக்கே தெரியும்.

பில்லில் கவனிக்க மூணு விஷயம்

*டிசிஎஸ்:* கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினா 1% டிசிஎஸ் பிடிப்பாங்க. 13 லட்சம்னா ரூ.13,000. இது செலவு இல்லை, நீங்க முன்கூட்டியே கட்டும் வருமான வரி. 26ஏஎஸ்-இல் வந்திருக்கானு பார்த்து ரிட்டர்னில் கழிச்சுக்கோங்க. ஆபீஸில் தெரிவிச்சா சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரிக்கட்டவும் வழி இருக்கு. பில் அப்பா பெயரில் போட்டா, இந்த வரவு அவர் பான் எண்ணுக்குத்தான் போகும்.

*10 லட்சம் எல்லை:* 5 முதல் 10 லட்சம் வரை லைஃப் டாக்ஸ் 13%, அதைத் தாண்டினா 18%. இது வருமான வரி ஸ்லாப் மாதிரி இல்லை, முழு விலைக்கும் கூடின விகிதம். ரூ.9.95 லட்சம் காருக்கு ரூ.1,29,350, ரூ.10.05 லட்சம் காருக்கு ரூ.1,80,900. விலையில் பத்தாயிரம் கூடினா, டாக்ஸில் ஐம்பத்தோராயிரம் கூடும்!

*இன்ஷூரன்ஸ்:* ஷோரூமில்தான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. அதே ஆட்-ஆன்களோட வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கி வச்சுக்கிட்டுப் பேசுங்க.

புக்கிங் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இரண்டு வேரியன்ட்டுக்கும் ஆன்ரோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்க. வீட்டுக்கு வந்து, 5 வருஷக் கடனில் மொத்தம் எவ்வளவு கட்டுறீங்கனு கணக்குப் போடுங்க. அப்புறம் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு பண்ணுங்க. ஷோரூம் நாளைக்கும் திறந்துதான் இருக்கும்.