வட்ட ரம்பத்திற்கு மூன்று துணைவர்கள்

மரப்பட்டறைகளில் வட்ட ரம்ப மேசையைப் பார்த்திருப்பீர்கள். மேசையின் நடுவே, பல் வைத்த எஃகுத் தகடு ஒன்று சிறிதளவு மேலே தெரியும்படி சுழலும். மரத்தை அதை நோக்கித் தள்ளினால் இரண்டாகப் பிளந்துவிடும். வேலையைச் சுருக்கும் இந்த இயந்திரம் விரல்களையும் பறித்ததுண்டு. கழிவு மரத்திலேயே செய்யக்கூடிய மூன்று துணைக்கருவிகள் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். அவற்றில் அடங்கியுள்ள பௌதிகத்தைக் காண்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ரம்பத்தின் விட்டம் 250 மில்லிமீட்டர், சுழற்சி நிமிடத்திற்கு 3000 எனக் கொள்வோம். நொடிக்கு 50 சுற்றுகள். பல்லின் வேகம் நொடிக்குச் சுமார் 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர்! கண் ஆபத்தைக் கண்டு, கை விலகத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அதற்குள் ரம்பம் 10 முறை சுற்றிவிடும். அதில் 40 பற்கள் இருந்தால், 400 பற்கள் கடந்து போயிருக்கும். ஆகவே, கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நம்புவது வீண். கை அருகே போகாமலிருப்பதே வழி.

தள்ளுகோல்: ஓரடிக்குக் குறையாத மரக்கோலின் நுனியில், பறவையின் திறந்த அலகு போன்ற வெட்டு ஒன்று அமையுங்கள். மரத்தின் கடைசிப் பகுதியை இதனால் தள்ளலாம். கோலைச் சாய்வாகப் பிடிப்பதால், நாம் தரும் விசையின் ஒரு கூறு மரத்தை முன்னே செலுத்துகிறது. மற்றொரு கூறு அதை மேசைமீது அழுத்துகிறது.

பிளவு ஆப்பு: ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, அவை மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. மரத்தில் உறைந்திருக்கும் உள்தகைவு, அறுக்கும்போது விடுபடும். அப்போது வெட்டிய பிளவு சில வேளைகளில் மூடிக்கொண்டு, பின்பக்கப் பற்களைக் கவ்வும். உடனே மரம் தூக்கப்பட்டு, தள்ளுபவரை நோக்கி எறியப்படும். இதுவே பின்னுதைப்பு. ரம்பத்தின் நேர் பின்னே, 8 மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில், மெல்லிய ஆப்பு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் பிளவு மூடாது. அதன் கனம் ரம்பத் தகட்டைவிடச் சற்று மிகுந்தும், பிளவின் அகலத்தைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். தகடு 2 மில்லிமீட்டர், பிளவு 3 மில்லிமீட்டர் எனில், ஆப்பு 2.5 மில்லிமீட்டர் இருக்கலாம்.

சீப்புப் பலகை: நேரான நாரோட்டமுள்ள பலகையின் முனையைச் சாய்வாக அறுத்து, நார் வழியே கைரம்பத்தால் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டுகள் இடுங்கள். சீப்பின் பற்கள் போன்ற விரல்கள் கிடைக்கும். இவை மரத்தைப் பக்கச்சட்டத்தோடு ஒட்டி அழுத்தும். விரலின் கனம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே கனத்தில் கவனம் தேவை. சாய்வு, மரம் செல்லும் திசையிலேயே இருக்கட்டும். மீன் பிடிக்கும் பறியை நினைத்துப் பாருங்கள்: உள்ளே நுழைவது எளிது, திரும்புவது அரிது. அதுபோலவே, மரம் பின்வாங்க முயன்றால் விரல்கள் அதைத் தடுக்கும். இந்தப் பலகையை ரம்பத்திற்கு முன்னே மட்டும் பொருத்துங்கள். ரம்பத்தின் பக்கத்தில் வைத்தால், அதுவே பிளவை அழுத்தி மூடிவிடும்!

மின் இணைப்பை நீக்கிய பின்பே இவற்றைப் பொருத்த வேண்டும். மாணவர்கள் அனுபவமுள்ள தச்சரின் மேற்பார்வை இல்லாமல் ரம்பத்தை இயக்கக் கூடாது. இயந்திரத்தோடு வந்த காப்புறை இருந்தால், அதைக் கழற்றாதீர்கள். மரம் வரக்கூடிய நேர்கோட்டில் நிற்காமல், சற்று விலகி நில்லுங்கள். தள்ளுகோல் எப்போதும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டிய கோலை அவசரத்தில் யாரும் தேடுவதில்லை.