உங்களுக்குத் தெரியுமா? பழைய காரைக் கொடுத்து வேறு கார் எடுக்கும் முன்

ஏனாத்தூரிலோ உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கிறதென்றால் பெரும்பாலும் அது ஆடம்பரத்துக்காக அல்ல. அர்த்தராத்திரியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிள்ளையைக் கல்லூரியில் விட வேண்டும், கல்யாணம் காதுகுத்துக்குப் பெரியவர்களை அழைத்துப் போக வேண்டும். அந்தக் கார் தேய்ந்து, மாதம் ஆறாயிரமோ எட்டாயிரமோ ஒதுக்கி வேறொன்று எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போது இந்தத் தகவல்கள் கையில் இருக்கட்டும்.

● 3 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 10 சதவீதம். 3 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 9,680 ரூபாய். 5 வருடமென்றால் 6,374. 7 வருடமென்றால் 4,980. கடைசித் தொகைதான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் மொத்த வட்டியைப் பாருங்கள்: 3 வருடத்துக்கு ஏறக்குறைய 48,500, 5 வருடத்துக்கு 82,400, 7 வருடத்துக்கு 1,18,300. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று விற்பனையாளர் முதலில் கேட்பதன் காரணம் இதுதான். நீங்கள் ஒரு தொகையைச் சொன்னதும், அதற்குள் அடங்கும்வரை வருடங்களை நீட்டிக்கொண்டே போகலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

● "வட்டி பத்து பர்சென்ட்தான்" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வங்கியில், கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி. சில ஃபைனான்ஸ் கடைகளில் ஃப்ளாட் வட்டி: முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி ஓடும். அதே 3 லட்சம், அதே 10 சதவீதம், 5 வருடம். ஃப்ளாட் கணக்கில் தவணை 7,500 ரூபாய் ஆகிவிடும். வங்கிக் கணக்குக்கு மாற்றினால் அது 17 சதவீதத்துக்கும் மேல்.

● இதைக் கண்டுபிடிக்க நாமே கணக்குப் போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் கையெழுத்துக்கு முன்பே ஒரு முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு செயலாக்கக் கட்டணம் போன்ற செலவுகளையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. தமிழில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

● மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்றால் தவணையும் 8,000 இருக்கலாம் என்று பொருளல்ல. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளுக்கே 4,000 போய்விடும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் மிச்சத்தில்தான் வர வேண்டும்.

● அவசரமில்லாதவர்களுக்கு ஒரு வழி. தபால் நிலையத்தின் 5 வருட ஆர்டி கணக்குக்கு 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீத வட்டி. மாதம் 5,000 கட்டினால் முடிவில் சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம் கையில் வரும். அதே 5,000 ரூபாயைக் கடன் தவணையாகக் கட்டினால், 3 லட்சம் அடைய ஏறக்குறைய 7 வருடம். முழுத் தொகையும் சேரும்வரை எல்லோராலும் காத்திருக்க முடியாதுதான். ஆனால் பழைய வண்டியை இன்னும் ஒன்றரை வருடம் இழுத்து ஓட்டி முன்பணத்தைப் பெருக்கினாலே கடன் பாதியாகக் குறையும் வீடுகள் பல உண்டு.

● பதினைந்து வருடம் ஆனதும் காரைத் தூக்கிப் போட்டே ஆக வேண்டும் என்ற பயம் நம் ஊரில் பரவியிருக்கிறது. டெல்லி வட்டாரத்துக்குச் சொன்ன கட்டுப்பாடு அது. தமிழ்நாட்டில் வண்டி எஃப்சி தேறினால் ஆர்சியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. இன்ஜினும் அடிப்பாகமும் நன்றாக இருக்கும் காரை, வயதை மட்டும் காரணம் காட்டி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

● புது கார் பக்கம் நல்ல செய்தி ஒன்று. 4 மீட்டருக்குள் அடங்கும், 1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் மேல்வரியும் இருந்தது. ஆனால் சாலை வரியை மறந்து பட்ஜெட் போடக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம்வரையான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம்வரை 13 சதவீதம். ஷோரூம் விலை 4 லட்சம் என்றாலும் வரி மட்டும் 48,000. ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கிய பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும்.

● செகண்ட்ஹேண்டில் அந்தச் சாலை வரி முன்பே கட்டப்பட்டிருக்கும். டிஎன் 21 வண்டியைக் காஞ்சிபுரத்துக்காரரே வாங்கினால் பெயர் மாற்றினால் போதும். "பாண்டி வண்டி, விலை கம்மி" என்று வருவது வேறு கதை. பிற மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் கம்மி விலை கம்மியாக இருக்காது.

● பழைய காருக்கான கடனுக்கு வட்டி, புதுக் காருக்கு உள்ளதைவிடச் சில சதவீதம் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் மொத்தச் செலவில் ஒப்பிடாமல் விலையில் மட்டும் ஒப்பிடுவது தவறு.

● செகண்ட்ஹேண்ட் கார் எந்த வருடத்தது என்பதை விலைக்காக மட்டும் பார்க்காதீர்கள். புதிதாக விற்கும் கார்களில் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும் கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2021 முடிவில். பிஎஸ் 6 இன்ஜின் 2020 ஏப்ரல் முதல். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில். குடும்பத்தோடு ஹைவேயில் போகிறவர்கள், 20,000 ரூபாய் மிச்சம் என்பதற்காக ஏர்பேக் இல்லாத பழைய மாடலை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

● நம் காஞ்சிபுரம் மாவட்டமே கார் பிறக்கும் மண். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 செப்டம்பரில் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. 2021 ஜூனில் அந்த ஆலையின் மொத்த உற்பத்தி 1 கோடியைத் தொட்டது. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இதில் பழைய கார் வாங்குபவருக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரகடத்தில் தயாரான டாட்சன் கார்களை 2022 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். பிராண்டே போய்விட்டதால் செகண்ட்ஹேண்ட் சந்தையில் டாட்சன் ரெடிகோ மலிவாகக் கிடைக்கிறது. அதே ஆலையில், அதே அடித்தளத்தில், அதே 800 சிசி இன்ஜினோடு பிறந்ததுதான் ரெனோ க்விட். அதனால் ரெடிகோவின் இன்ஜின் பாகங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பம்பர், விளக்கு, கதவு போன்றவை அந்த மாடலுக்கே உரியவை. அவை கிடைக்கின்றனவா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வண்டியை ஐந்தாறு வருடம் வைத்து ஓட்டுபவருக்கு இது நல்ல பேரம். இரண்டு வருடத்தில் விற்க நினைப்பவருக்கு அல்ல. நீங்கள் மலிவாக வாங்கிய அதே காரணத்தால் மலிவாகத்தான் விற்கும்.

● டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். 2017 கார், மீட்டரில் 25,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் பிறகு மாற்றியவை என்றால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

● சென்னையை வெள்ளம் சூழ்ந்த 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டி கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி இருக்கும் குழியையும், தரைவிரிப்பின் அடியையும் பாருங்கள்.

● சீட்டு எடுத்து முன்பணம் கட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். தவறில்லை, பதிவு பெற்ற சீட்டாக இருந்தால். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்த பின்பே சீட்டு நடத்த வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்தின்படி அதிகபட்சம் 7 சதவீதம். ஊர் நிர்வாக வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக் கூடாது என்று பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும், கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த ஊரைச் சேர்ந்த நாம் சீட்டுக்காரரிடம் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்கலாமா?

● கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி குற்றம். முன்பணத்துக்கு மட்டும் என்று சொல்லியும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

● லாரி கடன் என்றாலே தமிழ்நாட்டு நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். டி.எஸ். சந்தானம் 1954இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். ஆர். தியாகராஜன் 1974இல் நண்பர்களோடு ஸ்ரீராம் சீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1979 முதல் பழைய லாரி வாங்கும் ஓட்டுநர்களுக்குக் கடன் கொடுத்தார். வங்கிகள் அவர்களைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. சம்பளச் சீட்டு இல்லாதவர் கடனைக் கட்டமாட்டார் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தன் பங்குகளில் பெரும்பகுதியை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்ட அவர், தனக்கென்று வைத்திருந்தது ஒரு சிறிய வீடும் ஒரு சிறிய காரும்தான்.

● சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிக்கும் நெசவாளிக்கும் இன்று கை கொடுப்பது கடன் வரலாறு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறை. மதிப்பெண் 300 முதல் 900 வரை. என்றைக்கோ அடைத்த நகைக்கடன் இன்னும் பாக்கியாகக் காட்டப்பட்டிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

● தவணை தவறினாலும் மரியாதை போய்விடாது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை 2007லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

● பழைய காரில் க்ளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லையென்றால், புது வண்டியின் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. காரை விற்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கி வையுங்கள். மூன்று வருடம் செல்லும்.

● மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த அட்டவணைப்படி 1000 சிசிவரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசிவரை 3,416, அதையும் தாண்டினால் 7,897. ஜிஎஸ்டி தனி.

● காரை விற்றுப் பணம் வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி பல கை மாறியிருந்தும் அந்த வழக்கில் பொறுப்பு பழைய உரிமையாளர் தலையில்தான் விழுந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். மாற்றித் தருகிறேன் என்ற புரோக்கரின் வாய்ச்சொல் போதாது.

● கடைசித் தவணை கட்டிய பிறகும் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். தானாக நீங்காது. வங்கி தரும் என்ஓசியையும் படிவம் 35ஐயும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். பல வங்கிகளின் என்ஓசிக்கு ஆயுள் 90 நாள்தான். ஆகவே அதை பீரோவில் பத்திரப்படுத்தாமல், வந்த வாரமே காஞ்சிபுரம் போய்வாருங்கள்.