மலை ஏறும் இயந்திரத்தின் மூச்சு

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்குச் செல்லும் சாலை, 1,000 மீற்றருக்கும் மேலே ஏறுகின்றது. ஏற ஏறக் காற்று ஐதாகும். மோட்டார் சைக்கிளை மாற்றியமைக்க விழையும் இளைஞர் இதனை மறத்தலாகாது.

ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புதிய சைலன்சரும் காற்று வடிகட்டியும் பூட்டினால் இவ்வளவு பிறழக்கூடும். பெற்றோல் குறைந்தால் வெப்பம் மிகுந்து பிஸ்டன் பழுதாகலாம். மிகுந்தால் கரும்புகையும் பணவிரயமுமே மிஞ்சும்.

இதனைச் சீராக்கும் கருவியை எவ்வாறு தெரிவு செய்வது? காபுரேற்றர் வண்டியாயின் தகுந்த ஜெற்றை மாற்றுதலே பெரும்பாலும் போதும். மின்னணு முறையில் பெற்றோல் பீச்சும் வண்டிக்கோ இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்று, இடையில் நின்று சைகையை மாற்றுவது. கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பும். மற்றையது, கட்டுப்பாட்டுக் கணினியின் பதிவையே திருத்தி எழுதுவது. இதற்கு மூலப் பதிவின் பிரதியைப் பேணல் அவசியம்.

எதுவாயினும், உயரத்துக்கேற்பப் பெற்றோலைக் குறைக்கும் ஏற்பாடு மாறாதிருக்கின்றதா எனக் கேளுங்கள். புகைக்குழாயில் ஒட்சிசன் அளவைப் பரிசோதித்துத் திருத்துபவரையே நாடுங்கள். காதால் மட்டும் கேட்டுத் திருத்துபவர் ஓசையை அறிவார். இயந்திரத்தின் உள்வெப்பத்தை அறியார். பெற்றோரே, பணம் கொடுக்குமுன் ‘அளந்து பார்த்தீர்களா?’ என்று ஒருமுறை வினவுங்கள்.