முழங்கால் தண்ணீரும் ஒரு தகவல்தான்

2017 நவம்பர் 4ஆம் தேதி பிடித்த மழை மலேசியாவின் பினாங்கை மறுநாள் வரை விடவில்லை. பின்னிரவில் அப்போதைய மாநில முதலமைச்சர் லிம் குவான் எங் இராணுவ உதவி கேட்கும் நிலை வந்தது. ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட இரவில் எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் என்பது மீட்புக் குழுவுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கருவிகள் சொல்லிவிடும். சந்தின் நிலையைச் சொல்ல அங்கே நிற்பவரால்தான் முடியும். அவர் சொல்வதைத் தன்னார்வலரிடம் சேர்ப்பதே பேரிடர்த் தகவல் செயலியின் வேலை.

2015இல் சென்னை மூழ்கியபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் வெள்ளம் புகுந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள். 2018இல் கேரள வெள்ளத்தின்போது உதவி கேட்போருக்காக ஓர் இணையதளம் எழுந்தது. அங்கே ஒரே குடும்பத்துக்காகப் பல உறவினர்கள் தனித்தனியே பதிந்தார்கள். மீட்கப்பட்ட பிறகும் சில கோரிக்கைகள் பட்டியலில் நின்றன.

இந்த அனுபவம்தான் செயலியின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து கைப்பேசி தானே எடுத்துக்கொள்ளும். ஆழத்தை எண்ணால் கேட்கக் கூடாது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படம் காட்டினால் பதற்றத்திலும் விரல் சரியான இடத்தைத் தொடும். அலைவரிசை இல்லையென்றால் தகவல் கைப்பேசியிலேயே காத்திருந்து, கிடைத்ததும் புறப்பட வேண்டும். அருகருகே, அடுத்தடுத்து வரும் பதிவுகளைக் கணினி ஒன்றாகத் தொகுக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு குழு பொறுப்பேற்றதும் அது மஞ்சளாகும். ஆட்களை மீட்டதும் பச்சையாகும். இந்த நிறமாற்றம் இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று படகுகள் போகும், பக்கத்து வீடு காத்துக் கிடக்கும். தொலைபேசி எண்ணும் வீட்டு எண்ணும் தன்னார்வலருக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

மொழியும் உயிர் காக்கும். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கிரியோல் மொழியில் வந்த குறுஞ்செய்திகளை வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டியர்கள் மொழிபெயர்த்து உதவினார்கள். பினாங்கில் மலாய், சீனம், தமிழ் மூன்றும் முதல் நாளிலிருந்தே செயலியில் இருக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 999ஐ அழையுங்கள். எந்தச் செயலியும் அதற்கு மாற்றாகாது. வெள்ளம் வந்தபின் செயலியைப் பழக நேரமிருக்காது. பலத்த மழை பெய்தால் ஜெலுத்தோங்கிலும் பி. ரம்லி சாலையிலும் எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வெயில் காயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்தாரோடு கூடி அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பழகுங்கள்.