கழனி முந்தியதா, கோயில் முந்தியதா?

கல்லூரியில் பொருளாதார வரலாறு கற்பித்த காலத்தில், மதத்தின் தோற்றத்தை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிடுவேன். வேளாண்மை உபரியை உண்டாக்கியது. அந்த உபரி பூசாரியையும் கோயிலையும் உண்டாக்கியது. தொல்லியலாளர் கார்டன் சைல்டின் வழிவந்த இவ்விளக்கத்தை மாணவர்கள் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டார்கள்.

இந்த வரிசையை அசைத்தது, துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கோபெக்லி தெபே என்னும் மேடு. ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் ஷ்மித் 1995-இல் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். வட்ட வடிவக் கட்டுமானங்களும், அவற்றின் நடுவே ஐந்தரை மீட்டர் உயரம் வரையிலான கல்தூண்களும் வெளிப்பட்டன. தூண்களில் நரி, பாம்பு, தேள், பிணந்தின்னிக் கழுகு ஆகியவை செதுக்கப்பட்டிருந்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 9500, எகிப்தியப் பிரமிடுகளுக்கும் ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் முந்தையது.

வியப்பு அதன் தொன்மையில் மட்டும் இல்லை. அங்குக் கிடைத்த எலும்புகள் மான், காட்டு மாடு போன்ற வேட்டை விலங்குகளுடையவை. தானியங்களும் காட்டுத் தானியங்களே. அதாவது, அத்தூண்களை நிறுத்தியவர்கள் உழவர்கள் அல்லர்.

அத்தகைய தூணை வெட்டி, இழுத்து, நிறுத்த ஒரு குடும்பமோ சிறு குழுவோ போதாது. பல குழுக்கள் கூட வேண்டும். கூடியவர்களுக்கு உணவு வேண்டும். அந்தத் தேவையே பயிரிடத் தூண்டியிருக்கலாம் என்றார் ஷ்மித். பயிரிடப்பட்ட ஒற்றைமணிக் கோதுமையின் நெருங்கிய காட்டு உறவு, அருகிலுள்ள கராஜாதாக் மலைப்பகுதியில் இருப்பதை மரபணு ஆய்வு 1997-இல் காட்டியது.

பின்னர் அதே இடத்தில் குடியிருப்புகளும் ஏராளமான அரைகற்களும் அடையாளம் காணப்பட்டன. ஆகவே, அது மக்கள் வாழாத வெறும் வழிபாட்டிடம் என்ற ஷ்மித்தின் கருத்தும் திருத்தம் பெற்றது. எனினும், உழவுக்கு முன்பே பெருங்கட்டுமானம் எழுந்தது என்பது மாறவில்லை.

பொருளாதாரத்தில் உழைப்பையும் மூலதனத்தையும் எளிதில் அளந்துவிடுகிறோம், நம்பிக்கையை அளப்பதில்லை. உறவில்லாதவனோடு சேர்ந்து கல்லிழுக்க, அவன் நடுவழியில் கைவிடமாட்டான் என்ற உறுதி வேண்டும். பொதுச் சடங்கும் பொது விருந்தும் அந்த உறுதியைத் தந்திருக்கக்கூடும். மதத்தின் சாரம் மக்களைப் பிணைப்பதே என்று சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இலேயே வாதிட்டார்.

என்னிடம் படித்த பலர் இன்று ஆசிரியர்கள். அந்த இரண்டு வாக்கியங்களை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். மதம் உபரியின் பிள்ளை மட்டுமன்று; உபரிக்கு வழிவகுத்த கூட்டுழைப்பின் தாயாகவும் இருந்திருக்கலாம். அந்நியரை ஒன்றுசேர்த்த ஒன்றை, அண்டை வீட்டாரைப் பிரிக்கப் பயன்படுத்துகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.